குரூப் டிலே: குழுவா, கொத்தா?

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் புதிதாக சப்வூஃபர் (அடித்தொனி ஒலிபெருக்கி) வாங்கி வைத்திருக்கும் தம்பி ஒருவர், சோஃபாவில் மைக்கை நிறுத்தி ஆர்.இ.டபிள்யூ என்ற அறை ஒலி அளவீட்டு மென்பொருளில் அளந்த 'குரூப் டிலே' வரைபடத்தை, அதாவது எந்த அதிர்வெண்ணில் ஒலி எவ்வளவு பிந்துகிறது என்ற கோட்டை, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோபுரம்போல ஒரு மேடு, உச்சி 40 மில்லிவினாடி. "அண்ணே, 40 மில்லிவினாடின்னா சத்தம் 14 மீட்டர் போயிடும். என் ஹாலே 4 மீட்டர்தான். சப்வூஃபர் என்ன, பக்கத்து புளோக்லயா இருக்கு?"

கணக்கு சரி. சொல்தான் அவரை ஏமாற்றிவிட்டது.

குரூப் டிலே என்பதை அப்படியே மாற்றினால் குழுத் தாமதம். சிங்கப்பூரில் இதைச் சொன்னால், குடியிருப்பாளர் குழுக் கூட்டம் அரைமணி நேரம் தள்ளிப்போனதாகத்தான் காதில் விழும். சரி, 'தொகுதி' என்று போடலாமா? அது இன்னும் மோசம். குழுத்தொகுதி, தனித்தொகுதி எல்லாம் நமக்குத் தேர்தல் சமாச்சாரம்.

இந்த குரூப் ஆட்களைக் குறிப்பதில்லை, அலைகளைக் குறிக்கிறது. குளத்தில் பெரிய கல்லைப் போட்டுப் பாருங்கள். அலைகள் கொத்தாகக் கிளம்பும். உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு முகடும் கொத்தின் பின்பக்கம் பிறந்து, ஊடே முந்திப்போய், முன்பக்கம் கரைந்துவிடும். கொத்து அதன் போக்கில் மெதுவாக நகரும். முகட்டின் வேகம் வேறு, கொத்தின் வேகம் வேறு என்று ஹாமில்டன், ஸ்டோக்ஸ், ரேலி ஆகிய அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் பிரித்துக் காட்டினார்கள். 1930இல் நைக்விஸ்ட், பிராண்ட் என்ற பொறியாளர்கள் இருவரும் தொலைபேசி இணைப்புகளில் இந்தச் சுணக்கத்தை அளப்பது பற்றி எழுதினார்கள். அதிர்வெண் ஏற ஏற ஒலியின் கட்டம் (ஃபேஸ், அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ, அந்தச் சரிவுதான் குரூப் டிலே, ஒலிக்கொத்து பிந்தும் நேரம்.

தாமதம் என்பது வடமொழித் 'தாமச'த்திலிருந்து வந்தது, முக்குணங்களில் மந்த குணம். இன்று அந்த வாசனை போய், பஸ் வரவில்லை என்பதோடு நின்றுவிட்டது. 'வேலை சுணங்குது' என்றால் வேறு: வேலை தொடங்கியாயிற்று, ஓட்டம்தான் மந்தம். அதனால் என் ஓட்டு 'கொத்துச் சுணக்கம்' என்பதற்கே.

தம்பியின் வீட்டில் நடப்பதும் இந்தச் சுணக்கம்தான். நம் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடும். 4 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, சுமார் 43, 44 ஹெர்ட்ஸில் அது மாட்டிக்கொண்டு ஊஞ்சலாடும். தவில் அடியின் 'டக்' உடனே வந்துவிடும். அடிவயிற்றில் விழும் 'தொம்' மெல்லத் திரண்டு, மெல்ல ஓயும். 40 மில்லிவினாடி என்பது பயண தூரமே இல்லை, அறை அந்த ஒலியைப் பிடித்துவைத்திருந்த நேரம். அதையும் அலைச்சுற்றோடு ஒப்பிட வேண்டும்: 43 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 23 மில்லிவினாடி ஆகும். ஆக, இரண்டு சுற்றுகூட முழுதாக இல்லை. இதே 40 மில்லிவினாடி 2 கிலோஹெர்ட்ஸில் இருந்திருந்தால் நானும் பயந்திருப்பேன். பிளாவர்ட், லாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1978இல் வெளியிட்ட சோதனையில், அங்கே சுமார் 1 மில்லிவினாடியையே காது பிடித்துவிட்டது.

அப்புறம், 70 ஹெர்ட்ஸ் அருகே கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே பாய்ந்திருந்தது. பாட்டு போடுவதற்கு முன்பே ஒலி வந்துவிட்டதாக அர்த்தமில்லை. நேர் ஒலியும் எதிரொலியும் அங்கே ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஒலியே இல்லாத பள்ளத்தில் கட்டம் தாறுமாறாகத் துள்ளும். மைக்கை ஓரடி நகர்த்தச் சொன்னேன், அந்தப் பாய்ச்சல் காணாமல் போயிற்று. 43இல் இருந்த மேடு மட்டும் அசையவில்லை.

43 ஹெர்ட்ஸில் எகிறும் ஒலி அளவை ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) குறைத்தால் சுணக்கமும் கூடவே இறங்கும். 'எக்ஸஸ் குரூப் டிலே' (ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தோடு சேராத மிச்சச் சுணக்கம்) கோடு அங்கே மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 70 ஹெர்ட்ஸ் பள்ளத்தில் எத்தனை டெசிபல் கொட்டினாலும் நிரம்பாது. தம்பி சோஃபாவை நகர்த்தப் போகிறாராம், வீட்டில் சம்மதம் கிடைத்தால்.