உதிரிப் பாகமும் துப்பாக்கிதான்: சிங்கப்பூரில் உரிமம் வைத்திருப்போர் கவனத்துக்கு

ஜெர்மனியிலிருந்து தபாலில் வரும் ஒரு ட்ரிகர் (விசை) தொகுதி. இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஜெல் உருண்டை எறியும் ஜெல் பிளாஸ்டர் துப்பாக்கி. ஊரிலிருந்து பிள்ளைக்கு வாங்கிவந்த ரோல் கேப் துப்பாக்கி. தேசிய சேவை முடித்துப் பத்து வருடமாகியும் பழைய பையின் மடிப்பில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா. சிங்கப்பூரில் சாதாரண மக்கள் துப்பாக்கிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னப் பொருள்களால்தான்.

குறிசுடும் விளையாட்டுக்காக முறையாக உரிமம் எடுத்துச் சுடுபவர்களும் இதற்கு விலக்கல்ல. உரிமம் கையில் இருப்பதே சில சமயம் கண்ணை மறைக்கிறது. ‘நான்தான் பதிவு செய்தவன் ஆயிற்றே’ என்ற நினைப்பில், உரிமத்தில் இல்லாத ஒரு பாகத்தை வரவழைத்துவிடுகிறார்கள். இக்கட்டுரை முதலில் அவர்களுக்கு. அடுத்து, துப்பாக்கியைத் தொட்டே இராத, ஆனால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று வீட்டில் இருக்கக்கூடிய எல்லாருக்கும்.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இந்த விளையாட்டுக்கு வரும் இளையர்கள் நிறைய. அங்கே 1791இல் வந்த இரண்டாவது சட்டத் திருத்தம் இருக்கிறது. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் அவர்களின் உச்ச நீதிமன்றமே சொன்னது. சிங்கப்பூர் அரசமைப்பில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. இங்கே இருப்பது காவல்துறையின் உரிமப் பிரிவு தரும் அனுமதி மட்டுமே. அது குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படுவது. நிபந்தனைகளை வரிக்கு வரி படிக்காமல் கையெழுத்திடுவதுதான் முதல் தவறு. புதுப்பிக்கும் தேதியைக் கைப்பேசியில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். காலாவதியான உரிமத்தோடு இருக்கும் துப்பாக்கி, சட்டத்தின் பார்வையில் உரிமமே இல்லாத துப்பாக்கி.

இரண்டு சட்டங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று உரிமம் பற்றியது. 1913ஆம் ஆண்டிலிருந்து இருந்துவந்த ஆயுத, வெடிபொருள் சட்டத்துக்குப் பதிலாக, துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2021 ஜனவரியில் நிறைவேற்றியது. அது 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி, விற்பனை, பழுதுபார்ப்பு, சேமிப்பு, சுடுதளம் நடத்துவது எல்லாம் அதற்குள் வரும்.

இன்னொன்று தண்டனைச் சட்டம்: 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம். இதைப் படித்தவர்கள் குறைவு. பயம் மட்டும் எல்லாருக்கும் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டுச் சிறை. கூடவே குறைந்தது 6 பிரம்படி. அச்சட்டத்தின் அட்டவணையில் பட்டியலிட்ட குற்றம் ஒன்றைச் செய்யும்போது ஆயுதம் வைத்திருந்தால் ஆயுள் தண்டனை. உடலுக்குக் காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு சுட்டாலோ, சுட முயன்றாலோ மரண தண்டனை. குண்டு யார் மீதும் படாவிட்டாலும் அப்படித்தான். அந்த நோக்கம் தனக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் சுட்டவரே. உடன் நின்ற கூட்டாளியும் தப்ப முடியாது. ஆயுதம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று கருத இடமிருந்தால், தடுக்க இயன்றதையெல்லாம் செய்ததாக அவர் காட்டியாக வேண்டும்.

உரிமம் வைத்திருப்பவர்கள் அந்தச் சட்டத்தின் வரையறையில்தான் அதிகம் கவனம் வைக்க வேண்டும். ‘ஆயுதம்’ என்பதற்குள் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் வருகின்றன. துப்பாக்கியின் உதிரிப் பாகமும் வருகிறது. அனுமதியில்லாமல் இரண்டுக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் ஒருவரிடம் இருந்தால், அவர் ஆயுதக் கடத்தல் செய்வதாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும். அதற்கு விதிக்கப்படக்கூடியது மரணம், அல்லது பிரம்படியோடு ஆயுள் தண்டனை. ஒரு பாரல் (குழல்), ஒரு போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்), ஒரு ட்ரிகர் தொகுதி என்று சேர்த்துக்கொண்டே போகிறவர் இந்த மூன்று வரிகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பொருளை வாங்க வேண்டும்.

உதிரிப் பாகம் வரவழைப்பதில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஸ்டையர் போன்ற துப்பாக்கிகளுக்கு உதிரிப் பாகம் வெளிநாட்டில்தான் கிடைக்கும். விற்பவர் ‘உலகம் முழுவதும் அனுப்புவோம்’ என்று எழுதியிருப்பார். அவருடைய நாட்டில் ஏர் ரைஃபிளின் பாரலுக்குக் கட்டுப்பாடு குறைவாக இருக்கலாம். பொட்டலம் சிங்கப்பூருக்குள் நுழைந்தவுடன் சட்டத்தின் முன் இறக்குமதியாளர் நீங்கள்தான், அனுப்பியவர் அல்ல. ஆகவே வரிசை முக்கியம். முதலில் உங்கள் சங்கத்தின் ஆயுதக்கிடங்குப் பொறுப்பாளரிடம் பாகத்தின் பெயர், தயாரிப்பாளர், மாடல் எண், எந்தத் துப்பாக்கிக்கு என்பதை எழுத்தில் கொடுங்கள். அனுமதி தேவையா என்று உரிமப் பிரிவிடம் எழுத்திலேயே கேளுங்கள். அனுமதி வந்தபின் பணம் கட்டுங்கள். பணம் கட்டிவிட்டு அனுமதி கேட்பவர்களுக்கு, பொட்டலம் வானத்தில் இருக்கும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. கைப்பிடி மரம், கன்னத் தாங்கி, சுடும் சட்டை போன்றவை வேறு வகை. ஆனாலும் கேட்டுவிட்டு வாங்குவதில் நட்டமில்லை.

3டி அச்சு இயந்திரம் வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துப்பாக்கியை அச்சிடுவது மட்டுமல்ல, அதைச் செய்வதற்கான மின்னிலக்க வரைபடக் கோப்பை அனுமதியின்றி வைத்திருப்பதே புதிய சட்டத்தில் குற்றம். ஆர்வத்தில் பதிவிறக்கிய கோப்பு கணினியின் மூலையில் கிடந்தாலும் கிடப்பது உங்களிடம்தான்.

இனி சேமிப்பு. சிங்கப்பூரில் விளையாட்டுத் துப்பாக்கி வீட்டில் இருப்பதில்லை. சுடுதளத்தின் ஆயுதக்கிடங்கில்தான் இருக்கும். ‘என் காசில் வாங்கிய துப்பாக்கியை வீட்டில் துடைத்துவைக்கக்கூட முடியாதா’ என்ற மனக்குறை உறுப்பினர்களிடம் உண்டு. குறிசுடுவதற்குத் தினப் பயிற்சி வேண்டும். விசை அழுத்தும் பழக்கம் வீட்டில் சுவரைப் பார்த்துச் செய்தால்தான் கைக்கு வரும் என்பதும் உண்மை. ஆயினும் இந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அடுக்குமாடி வீட்டில் ஒரு துப்பாக்கி திருடுபோனால், அல்லது வீட்டில் ஒருவர் மனம் உடைந்த ஒரு இரவில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அந்தச் சேதத்தைச் சரிசெய்ய எந்தப் பதக்கத்தாலும் முடியாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் பயிற்சி செய்துதான் சிங்கப்பூர் வீராங்கனைகள் ஜாஸ்மின் செர் 2014இல் கிளாஸ்கோவிலும், மார்ட்டினா வெலோசோ 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் இரண்டு முறையும் காமன்வெல்த் தங்கம் வென்றார்கள்.

தோட்டாக் கணக்கு. சட்டம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். .22 தோட்டா ஒரு பெட்டியில் 50 இருக்கும். 60 குண்டுப் போட்டிக்கும் முன்னோட்டச் சுடுதலுக்குமாக இரண்டு பெட்டி எடுத்தால் 100. சுட்டு முடித்ததும் வெற்றுக் கூடுகளும் மிச்சத் தோட்டாக்களும் சேர்ந்து 100 வர வேண்டும். ஒன்று குறைகிறதென்றால் அது பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: சுடும் சட்டையின் பையில், படுத்துச் சுடும் பாயின் மடிப்பில், அல்லது துப்பாக்கிப் பெட்டியின் பஞ்சு ஓரத்தில். தோட்டாவின் முழு நீளமே ஓர் அங்குலம்தான், விரலின் ஒரு கணு அளவு. தெரியாமல் அதோடு வீட்டுக்குப் போவது அவ்வளவு சுலபம். அடுத்த மாதம் அதே பையோடு சாங்கி விமான நிலையத்துக்குப் போனால் ஊடுகதிர் இயந்திரம் அதைக் கண்டுபிடித்துவிடும். எனவே சுடுதளத்தை விட்டுக் கிளம்புமுன் எல்லாப் பைகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பி உதறுங்கள். பயணத்துக்குச் சுடும் பையைப் பயன்படுத்தவே வேண்டாம்.

தேசிய சேவையாளர்களுக்கும் இதே பாடம். சுடும் பயிற்சி முடிந்தவுடன் தோட்டாவோ வெற்றுக் கூடோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதிகூற வைப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. நினைவுப் பொருளாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், 2007இல் முகாமிலிருந்து சார் 21 துப்பாக்கியோடு வெளியேறி ஆர்ச்சர்ட் ரோடு கடைத்தொகுதியில் பிடிபட்ட இளையரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கிடைத்தது சிறையும் பிரம்படியும். ஒரு தோட்டாவும் ஒரு துப்பாக்கியும் ஒன்றல்லதான். ஆனால் முன்னே சொன்ன பிரிவு தோட்டாவையும் சேர்த்தே பேசுகிறது.

சுடுதளத்தில் தோட்டா வெடிக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் பலர் தப்பாகவே பழகியிருக்கிறார்கள். உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். ஒலி வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால், அல்லது இலக்கில் துளை விழவில்லை என்றால், அடுத்த குண்டைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அதன்பின் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பிவிடும், சில சமயம் பிளந்துவிடும். துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையை உயர்த்திப் பொறுப்பதிகாரியை அழையுங்கள். ஏர் ரைஃபிளில் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகிறது. துப்பாக்கியின் காற்றுப் புட்டியில் அழுத்தம் குறைந்துவிட்டால் அதுவும் குழலில் நின்றுவிடும். காற்றுப் புட்டியில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்: போட்டி விதிகளின்படி 10 ஆண்டுதான் அதன் ஆயுள். புட்டி பளபளவென்று இருக்கிறதே என்று 200 பார் அழுத்தத்தோடு விளையாடக் கூடாது. சுட்டு முடித்ததும், குழல் காலி என்று காட்டும் வண்ணப் பாதுகாப்புக் கயிறு குழலின் இரு முனையிலும் தெரிய வேண்டும். கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிய பிறகே சாப்பாடு. குண்டிலிருந்து கையில் ஒட்டும் ஈயம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும்போது மூன்று அனுமதிகள் வேறு வேறு: சிங்கப்பூரிலிருந்து வெளியே எடுத்துச் செல்ல, போகும் நாட்டுக்குள் கொண்டு நுழைய, விமான நிறுவனம் ஏற்றிக்கொள்ள. நடுவில் விமானம் மாறினால் அந்த நாட்டின் அனுமதியும் தேவைப்படலாம். பயணச்சீட்டை மலிவாக எடுத்துவிட்டு இங்கேதான் தடுமாறுகிறார்கள். தோட்டா ஒருவருக்கு 5 கிலோ வரை, பதிவு செய்த பயணப்பெட்டியில் மட்டும். இன்னொருவர் பங்கை உங்கள் பெட்டியில் சேர்த்துக் கட்டக் கூடாது. காற்றுப் புட்டியைக் கழற்றி அழுத்தத்தை முழுதும் வெளியேற்றிவிடுங்கள்.

துப்பாக்கியோடு தொடர்பே இல்லாத வீடுகளுக்கு வருகிறேன். ஏர்சாஃப்ட் துப்பாக்கியும் ஜெல் பிளாஸ்டரும் பிளாஸ்டிக் குண்டையோ ஜெல் உருண்டையையோதான் எறிகின்றன. ஆனாலும் அனுமதியின்றி இறக்குமதி செய்ய இயலாது. விற்பனைப் பக்கத்தில் ‘பொம்மை’ என்று போட்டிருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. இவற்றில் பெரும்பாலும் பாய்வது கடுமையான 1973 சட்டம் அல்ல, உரிமச் சட்டம்தான். அதற்கும் வழக்கு உண்டு, குற்றப் பதிவு உண்டு. துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டரை ஊரில் பரிசாகக் கொடுப்பார்கள். அதை இங்கே கொண்டுவருவதற்கே தடை இருக்கிறது. தீபாவளி நேரத்தில் வரும் ரோல் கேப், பொட்டு வெடி எல்லாம் வெடிமருந்துதான்; விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. பட்டாசுக்கே 1972இல் முழுத் தடை போட்ட நாடு இது. பெட்டி கட்டும் பாட்டி தாத்தாவிடம் இதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பேரனுக்காக ஆசையாக வாங்கி வைப்பவர்கள் அவர்கள்தான்; சோதனைச் சாவடியில் பதில் சொல்ல நிற்கப்போவதும் அவர்கள்தான்.

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுகளும் தோட்டாக்களும் இம்மண்ணில் இன்னும் கிடக்கின்றன. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் தோண்டும்போது கிடைத்த 100 கிலோ வான்குண்டைச் செயலிழக்க வைக்க, 4,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. மண்ணில் துருப்பிடித்த தோட்டாவோ உருளையோ தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள். கையில் எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள், விடுதிக்கு எடுத்துப் போகாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, எல்லாரையும் விலகச் சொல்லி, மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள், 999க்கு அழையுங்கள். இதற்காக வேலை நின்றால் நிற்கட்டும்.

வீட்டுப் பெட்டியில் பழைய தோட்டா அகப்பட்டாலும் செய்ய வேண்டியது இதுவே. அதைப் பையில் போட்டுப் பேருந்தில் காவல் நிலையத்துக்கு எடுத்துப்போக வேண்டாம். அழைத்துச் சொன்னால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். குப்பைத்தொட்டிக் குழாயில் போடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. துப்பாக்கி உரிமம் வைத்திருந்த ஒருவர் காலமாகிவிட்டால், அவர் பிள்ளைகள் முதலில் பேச வேண்டியது சங்கத்தோடும் உரிமப் பிரிவோடும். உரிமம் பிள்ளைகளுக்குத் தானாக இறங்காது. அவர் துப்பாக்கி கிடங்கிலேயே இருக்கட்டும். அவரது சுடும் பையை மட்டும், ஒவ்வோர் அறையாகத் திறந்து, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.