ஏஐ படிக்கச் சேரும் முன்

கவுன்சலிங் தொடங்கினாலே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் எடுக்கலாமா, கம்ப்யூட்டர் சயின்ஸே போதுமா?’ பெரும்பாலும் அப்பாக்கள்தான் கேட்பார்கள். பாடப்பிரிவின் பெயரைவிட, அங்கே தரவைப் பற்றி என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள் என்பேன்.

நான் மருத்துவப் படங்களை ஆராயும் மென்பொருள் எழுதுபவன். சமீபத்தில் நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு பெண், விழித்திரைப் படத்தில் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட் செய்திருந்தார். துல்லியம் 97 சதவீதம் என்றார். மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கும் (பயிற்சி) படங்களையும், அது கற்றதா என்று பார்க்கும் (சோதனை) படங்களையும் தனித்தனியாக வைக்க வேண்டும். “ஒரே நோயாளியின் இடது கண் பயிற்சிக்கும் வலது கண் சோதனைக்கும் போயிருக்குமோ?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “போயிருக்கும் சார், எல்லாப் படங்களையும் கலைத்துப் போட்டுத்தான் பிரித்தோம்” என்றார். ஒருவரின் இரண்டு கண்களும் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும் என்பதால், கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதின மாதிரிதான் அது. நான்கு வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதே வேலையை கூகுள் ஆய்வாளர்கள் செய்து 2016-இல் வெளியிட்டார்கள். பயிற்சிக்கு சுமார் 1,28,000 படங்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 மருத்துவர்கள் பார்த்து மதிப்பிட்டார்கள். முடிவுகள் அருமையாக வந்தன. அப்புறம் தாய்லாந்து கிளினிக்குகளுக்கு அதைக் கொண்டுபோனபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் ‘தரம் போதாது’ என்று மென்பொருளே தள்ளிவிட்டது. பல இடங்களில் படம் எடுக்க இருட்டான அறையே இல்லை. மென்பொருளில் குறை இல்லாவிட்டாலும், ஒரு ஜன்னல் வெளிச்சம் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

ஆகவே, கல்லூரியைப் பார்க்கப் போகும்போது நேரடியாகக் கேளுங்கள்: ஏஐக்கு அடிப்படையான கணிதம், அதாவது நேரியல் இயற்கணிதமும் (லீனியர் அல்ஜீப்ரா) நிகழ்தகவும், எத்தனை செமஸ்டர்? மாணவர்கள் தாங்களே தரவு சேகரித்துச் செய்த ப்ராஜெக்ட் ஒன்றைக் காட்ட முடியுமா? இணையத்தில் கிடைக்கும் தரவையே எல்லோரும் எடுத்திருந்தால் யோசியுங்கள்.

வேறு பிரிவில் சேர்ந்தாலும் சரி, வழி இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டத்தை இன்னொரு பட்டத்தோடு சேர்த்தே ஆன்லைனில் படிக்கலாம். ஜேஇஇ கட்டாயமில்லை, நான்கு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய், நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது: “88 தான் சார்.” அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.