ஒலி தெரியாமலே எழுத்துகளை உறவுபடுத்தியவர்

கிரீட் தீவின் நொசஸ் அரண்மனையில் 1900-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டியபோது ஏராளமான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் இருந்த எழுத்துக்கு 'லீனியர் பி' என்று பெயர் வைத்தார். என்ன மொழி என்றும் தெரியாது, எந்தக் குறிக்கு என்ன ஒலி என்றும் தெரியாது. பலகைகளில் பெரும்பகுதியை வெளியிடாமலே 1941-இல் அவர் இறந்துபோனார்.

இதை 1952-இல் படித்துக் காட்டியவர் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர். புகழ் முழுக்க அவருக்கே போனது. ஆனால் அவருக்கு வழி போட்டுக் கொடுத்தவர் ஆலிஸ் கோபர். நியூயார்க்கில் 1906-இல் பிறந்து, புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்தியவர். போர்க்காலத்தில் காகிதம் கிடைக்கவில்லை. வாழ்த்து அட்டை, பழைய நோட்டீஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டி, ஏறக்குறைய 1,80,000 சீட்டுகள் எழுதி, காலி சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். எந்தக் குறி எதன் பக்கத்தில் வருகிறது, சொல்லின் எந்த இடத்தில் வருகிறது என்ற கணக்குதான் அத்தனையும்.

அந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெரிந்தது: சில சொற்களின் முன்பகுதி மாறவில்லை, கடைசிக் குறிகள் மட்டும் மாறின. அப்படியென்றால் இந்த மொழியில் வேற்றுமை உருபு போல ஏதோ ஒன்று இருக்கிறது.

அடுத்த படிதான் அபாரம். 'ஊர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஊரை, ஊரின், ஊரோடு என்று உருபு சேரும்போது ரை, ரி, ரோ என எழுத்து மாறுகிறது, மெய் மட்டும் அதே 'ர்'. நம் எழுத்தில் அந்த ஒற்றுமை கண்ணுக்கே தெரியும். லீனியர் பி-யில் மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று படங்களாக இருக்கும். ஆனாலும் ஒரே சொல்லின் அதே இடத்தில் மாறி மாறி வருவதை வைத்து, 'இவற்றின் மெய் ஒன்று, உயிர் வேறு' என்று கோபர் சொன்னார். இன்னொரு சொல்லில் அதே உருபு சேர்ந்தால் உயிர் ஒன்று, மெய் வேறு. எந்த ஒலி என்று தெரியாமலே எழுத்துகளுக்குள் இருக்கும் உறவை இப்படி, மெய் ஒன்றானவை ஒரே வரிசையில், உயிர் ஒன்றானவை ஒரே பத்தியில் என்று கட்டமாகப் போட்டுவிடலாம். மொழி எது என்று ஊகிக்க மட்டும் அவர் கடைசிவரை மறுத்தார். ஆளுக்கொரு மொழியைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பொறுமைதான் அவருடைய பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

1950-இல், 43 வயதில் கோபர் இறந்தார். அவருடைய முறையையே பின்பற்றி வென்ட்ரிஸ் கட்டத்தைப் பெரிதாக்கினார். அப்புறம், வேறு இடங்களில் கிடைத்த பலகைகளில் இல்லாமல் நொசஸ் பலகைகளில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள் கிரீட்டின் ஊர்ப் பெயர்களாக இருக்குமோ என்று பார்த்தார். ஒன்றை 'கோ-நோ-சோ', அதாவது நொசஸ் என்றும், இன்னொன்றை 'அ-மி-னி-சோ', அதாவது அதன் துறைமுகமான அம்னிசோஸ் என்றும் வைத்தார். ஒரு குறிக்கு ஒலி கிடைத்தால் அதே வரிசையில் இருக்கும் குறிகளின் மெய்யும், அதே பத்தியில் இருப்பவற்றின் உயிரும் தாமாகவே கிடைத்துவிடும். அப்படி மளமளவென்று திறந்துகொண்ட மொழி, வென்ட்ரிஸே எதிர்பார்க்காத கிரேக்கம். பழங்கிரேக்கக் கவி ஹோமருக்குப் பல நூற்றாண்டு முந்தைய கிரேக்கத்தில், ஆடு, கம்பளி, தேர்ச் சக்கரம் எல்லாவற்றுக்கும் அரண்மனை எழுத்தர்கள் வைத்த கணக்கு அது.