பொதிக் கோப்பை எழுதும் ஸ்கிரிப்டுக்கும் பராமரிப்பு வேண்டும்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளின் எடைமேடைக் கணினிகளுக்கு லினக்ஸ் பொதிகள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் கட்டுகள், செய்து தருவது என் தொழில். எடைமேடை நின்றால் கிராணியால் சீட்டுக் கொடுக்க முடியாது. லாரிகள் வரிசை பிடிக்கும். வெட்டிய குலைகள் காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும். இந்த வேலைக்கு வரும் நம் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு பொதியை எப்படிக் கட்டுவது, அதற்கு என்னென்ன தேவை என்று சொல்லும் ஸ்பெக் கோப்பை உருவாக்கும் ஸ்கிரிப்டைத் திறந்து படித்தாயா?

பைதான், ரூபி, ரஸ்ட் என ஒவ்வொரு நிரல்மொழிக்கும் இத்தகைய ஸ்கிரிப்டுகள் உண்டு. அவை பெரிய உதவி. ஆனால், மென்பொருளை எழுதியவர் தம் விவரக் கோப்பில் சொன்னது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் சைக்கோபிஜி2 நூலகத்தை மூல நிரலிலிருந்து கட்ட, சி மொழிபெயர்ப்பியும் போஸ்ட்கிரெஸின் சி நூலகமான லிப்பிகியூவின் தலைப்புக் கோப்புகளும் தேவை. பைதான் விவரக் கோப்பு இவற்றைக் கேட்காது, ஸ்கிரிப்டும் எழுதாது. கட்டுதல் தோற்கும். உடனே ஒருவர் ஸ்பெக் கோப்பில் கையால் ஒரு வரி சேர்ப்பார். அடுத்த பதிப்புக்கு ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும்போது அந்த வரி அழிந்துவிடும். கையால் செய்யும் திருத்தம், ஸ்கிரிப்ட் படிக்கும் தனிக் கோப்பில், காரணத்தோடு இருக்கவேண்டும். உருவான கோப்பையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வைத்து, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாகப் படித்த பிறகே கட்டவேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

ஸ்கிரிப்டைத் தொடாமலே அது பழசாகும். 2023 அக்டோபரில் வந்த பைதான் 3.12, பொதி கட்டப் பயன்பட்ட பழைய நூலகமான டிஸ்ட்யுடில்ஸை நீக்கியது. அதை நம்பி எழுதப்பட்ட உருவாக்கிகள் நின்றன. ஃபெடோரா லினக்ஸ் உரிமப் பெயர்களை எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுத் தர முறைக்கு மாற்றியபோது பழைய வார்ப்புருக்களும் மாறவேண்டியிருந்தது.

பாதுகாப்பு இன்னும் பெரிய கவலை. பைதான் மென்பொருளோடு வரும் செட்டப்.பை என்பது வெறும் விவரக் கோப்பல்ல, ஓடும் நிரல். விவரம் எடுப்பதற்காக ஸ்கிரிப்ட் அதை இயக்கினால், யாரோ எழுதிய நிரல் உங்கள் கணினியில், உங்கள் கையொப்பச் சாவிகளுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. இணையத் தொடர்பும் சாவியும் இல்லாத தனிக் கொள்கலனில்தான் அதை ஓட்டவேண்டும்.

கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க உதவும் எண்ணான செக்சம் விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். இறக்கிய கோப்புக்கு ஸ்கிரிப்டே செக்சம் கணக்கிட்டு எழுதினால், அது எதையும் சரிபார்க்கவில்லை. கிடைத்ததைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். வெளியிட்டவரின் கையொப்பத்தோடு ஒப்பிட்டாலும் போதாமல் போகலாம். 2024 மார்ச் 29 அன்று அம்பலமான பின்கதவு, அதாவது ஒளித்து வைத்த நுழைவழி, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது. அதைத் தூண்டும் வரிகள் வெளியீட்டுக் கோப்பில் மட்டும் இருந்தன, கிட் களஞ்சியத்தில் இல்லை. டெபியன், ஆர்பிஎம் என்ற இரு வகைப் பொதிகள் கட்டப்படும் சூழலைத் தேடிப் பார்த்தே அது விழித்துக்கொண்டது. அதனால் வெளியீட்டுக் கோப்புக்கும் கிட் களஞ்சியத்தில் அதே பதிப்பாகக் குறியிட்ட நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்கிரிப்ட் பட்டியலிடவேண்டும். அந்தப் பட்டியலில் நியாயமான வேறுபாடுகளும் வரும்; எது நியாயம் என்பதை மனிதர்தான் பார்க்கவேண்டும்.

சிறு நகரங்களில் ஒருவரே எல்லாம் பார்த்துக்கொள்கிறார். அவர் கோலாலம்பூருக்கு வேலை மாறிப் போனதும் ஸ்கிரிப்ட் அவருடைய மடிக்கணினியோடு போய்விடுகிறது. அதைப் பொதுக் களஞ்சியத்தில் வையுங்கள். சைக்கோபிஜி2 போன்ற சிக்கலான சில பொதிகளைச் சோதனைக்கென ஒதுக்கி, ஸ்கிரிப்டில் ஒரு வரி மாறினாலும் அவற்றை மாக் அல்லது எஸ்பில்ட் என்னும் பொதி கட்டும் கருவி கொண்டு சுத்தமான சூழலில் மறுபடி கட்டிப் பாருங்கள். எடைமேடைக்கு அனுப்புவது அதற்குப் பிறகு.