இங்கிலாந்தில் விசேட பாடசாலை இடம்: கடுமையான கற்றல் இடர்பாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அறிய வேண்டிய சட்ட வழி

இங்கிலாந்தில் கடுமையான அல்லது பன்முகக் கற்றல் இடர்பாடுள்ள பிள்ளையை விசேட பாடசாலையில் சேர்க்க விரும்பும் பெற்றோர் பலரும் முதலில் செய்வது, அருகிலுள்ள அத்தகைய பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்து இடம் இருக்கிறதா என்று கேட்பதுதான். பாடசாலையைப் போய்ப் பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு இரண்டாகப் பார்க்கவும் வேண்டும். ஆனால் அதிபர் இடம் இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னாலும் அதனால் பிள்ளைக்கு இடம் உறுதியாகிவிடாது. சாதாரண பாடசாலைகளுக்கு நிரப்புகிற அனுமதி விண்ணப்பமும் இங்கே பயன்படாது. மதிப்பீட்டுக்காகத் தற்காலிகமாகச் சேர்ப்பது போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர்த்தால், விசேட பாடசாலைக்கான வாசல், பெற்றோர் வழக்கில் ‘இ.எச்.சி.பி.’ எனப்படும் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம் ஒன்றே. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் திகதி முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஆவணத்தை உங்கள் கவுன்சில்தான் வழங்குகிறது. பிறந்த குழந்தை முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு இது வழங்கப்படலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சட்டம் வேறு. இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

யாருக்கான பாடசாலை

எழுத்துக்கூட்டிப் படிப்பதில் மட்டும் சிரமப்படும் பிள்ளைக்காக அமைந்தவை அல்ல இந்தப் பாடசாலைகள். பேச்சு, புரிதல், தன் தேவைகளைத் தானே கவனித்தல் என எல்லாவற்றிலும் வயதுக்கு மிகவும் பின்தங்கியிருக்கும் பிள்ளைகளை ‘எஸ்.எல்.டி.’ (கடுமையான கற்றல் இடர்பாடு) என்ற பிரிவிலும், அதனோடு உடல் இயக்கக் குறைபாடு, பார்வை அல்லது செவிப்புலக் குறைபாடு, வலிப்பு, குழாய் வழி உணவு போன்றவையும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளை ‘பி.எம்.எல்.டி.’ (ஆழ்ந்த, பன்முகக் கற்றல் இடர்பாடு) என்ற பிரிவிலும் கவுன்சில்கள் வகைப்படுத்துகின்றன. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வி உரிமையே இல்லாதிருந்த காலம் அதிக தூரத்தில் இல்லை. 1970ஆம் ஆண்டின் சட்டம் 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் வரை அவர்கள் ‘பாடசாலைக் கல்விக்குத் தகுதியற்றவர்கள்’ என முத்திரை குத்தப்பட்டு, சுகாதாரத் துறையின் பொறுப்பில் பயிற்சி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வைக்கப்பட்டிருந்தார்கள்.

இன்று அத்தகைய ஒரு வகுப்பில் பெரும்பாலும் பத்துக்கும் குறைவான பிள்ளைகளும், ஓர் ஆசிரியரும், பல உதவியாளர்களும் இருப்பார்கள். பிள்ளையைத் தூக்கி மாற்ற கூரையில் பொருத்திய தூக்கி, வெந்நீர்ச் சிகிச்சைக் குளம், பேச்சோடு சேர்த்துக் காட்டும் ‘மேக்கட்டன்’ சைகைகள், படங்களைக் கொடுத்துக் கேட்கும் முறை ஆகியவை பல பாடசாலைகளில் உண்டு. பாடம் என்பது இங்கே எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: குளத்துக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாத பிள்ளையின் கையில், ஒவ்வொரு முறையும் அதே சிறு துவாயை ஆசிரியர் வைப்பார். பல வாரங்கள் கழித்து, துவாயைத் தொட்டதுமே பிள்ளை கதவுப் பக்கம் தலையைத் திருப்பினால், அடுத்து நடக்கப்போவதை அது எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டது என்று பதிவேட்டில் எழுதப்படும். 2021 செப்டெம்பர் முதல், பாடத்திட்டத் தேர்வு நிலைகளுக்கும் கீழே இருக்கும், தனிப் பாடங்களைப் படிக்கும் நிலைக்கு வராத ஆரம்பப் பருவப் பிள்ளைகளை மதிப்பிட ‘ஈடுபாட்டு முறை’ கட்டாயமாக்கப்பட்டது. ஆராய்தல், உணர்ந்துகொள்ளல், எதிர்பார்த்தல், விடாமல் முயலுதல், தானாகத் தொடங்குதல் என்ற ஐந்தும்தான் அதில் பார்க்கப்படுகின்றன.

நமது குடும்பங்களில் இந்த வழியே தொடங்காமல் தாமதமாவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளை பேசவில்லை, ஆங்கிலம் வந்ததும் சரியாகிவிடும் என்று நேர்சரியிலும் சொல்வார்கள்; உறவினர்களும் சொல்வார்கள். வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு இருப்பதாகக் கருதக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதை மறுபுறமாகவும் பார்க்க வேண்டும்: தமிழிலும் புரிந்துகொள்ளாத, தமிழிலும் கேட்காத பிள்ளைக்கு ஆங்கிலம் வரும்வரை காத்திருப்பதில் பொருளில்லை. தமிழில் பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது என்பதைப் பெற்றோரே நன்கு அறிவர். அதை எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிடுவது அந்தச் சாக்குக்கு முடிவு கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கக்கூடும் எனச் சுகாதார சேவை கருதினால், முதலில் பெற்றோருக்கும் பின்னர் கவுன்சிலுக்கும் அதைத் தெரிவிப்பது அதன் கடமை.

கோரிக்கையும் காலக்கெடுவும்

இத்திட்டத்தைப் பெறுவதற்கான முதல் படி, பிள்ளையின் தேவைகளைக் கவுன்சில் மதிப்பீடு செய்வது. அப்படி மதிப்பீடு செய்யும்படி பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். பாடசாலையின் சம்மதம் தேவையில்லை, நோய்நிர்ணயச் சான்றும் தேவையில்லை. பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கிறது அல்லது இருக்கக்கூடும், அதற்கு இத்திட்டத்தின் வழி உதவி தேவைப்படலாம் என்பவை இரண்டுமே சட்டம் கேட்கும் நிபந்தனைகள். பாடசாலை முதலில் 6,000 பவுண் செலவழித்திருக்க வேண்டும், ஒரு வருடமாவது பார்த்திருக்க வேண்டும் என்றெல்லாம் கவுன்சில் ஊழியர் சொன்னால், அவை உள்ளூர் வழக்கமாக இருக்கலாம். சட்டத்தின் நிபந்தனைகள் அல்ல. குடிவரவு நிலை குறித்த அச்சமும் இங்கே தேவையில்லை. பாடசாலைக் கல்வி, குடிவரவு விதிகள் சிலருக்குத் தடுக்கும் ‘பொது நிதி’ என்ற கணக்கில் வராது என்பதால், புகலிடக் கோரிக்கை முடிவாகாத குடும்பத்தின் பிள்ளைக்கும் இந்த மதிப்பீட்டைக் கேட்கலாம். மாற்றுத்திறன் கொடுப்பனவான டி.எல்.ஏ. அப்படியல்ல, அது பொது நிதியில் அடங்கும் என்பதால், விசாவில் அதற்குத் தடை இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை பெற வேண்டும்.

கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று கவுன்சில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆம் என்றால் பெற்றோர், பாடசாலை, கல்வி உளவியலாளர், வைத்தியத் துறை, சமூகப் பராமரிப்புத் துறை ஆகியோரின் கருத்துகளைப் பெற வேண்டும். பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்றோரின் அறிக்கையையும் பெற்றோர் நியாயமான காரணத்தோடு கேட்டுப் பெறலாம். இறுதித் திட்டம் தொடக்கத்திலிருந்து 20 வாரங்களுக்குள் வந்துவிட வேண்டும். நடைமுறை வேறு விதமாக இருக்கிறது: 2023ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட புதிய திட்டங்களில் ஏறத்தாழப் பாதிதான் இந்தக் கெடுவுக்குள் வந்தன. ஆகவே கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, திகதியைக் குறித்து வைத்து, கெடு தவறிய மறுநாளே எழுத்தில் கேட்க வேண்டும். கவுன்சிலின் முறைப்பாட்டு வழி முடிந்த பின்னும் தீராத தாமதத்தை உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம்.

எஃப் பகுதியை ஏன் வரி வரியாகப் படிக்க வேண்டும்

திட்டத்தின் வரைவு கைக்கு வந்ததும் பெற்றோர் எல்லோரும் தேடுவது பாடசாலையின் பெயரை. வரைவில் அது இருக்காது, இருக்கவும் கூடாது. திட்டம் ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; பாடசாலையின் பெயருக்குரிய ஐ (I) பகுதி வரைவில் வெறுமையாகவே வரும். அந்த வேளையில் கவனிக்க வேண்டியவை பிள்ளையின் தேவைகளைச் சொல்லும் பி (B) பகுதியும், அத்தேவைகளுக்கு என்ன கல்வி ஏற்பாடு செய்யப்படும் என்பதைச் சொல்லும் எஃப் (F) பகுதியுமே. எஃப் பகுதியில் எழுதப்பட்டதைப் பெற்றுக்கொடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. பணமில்லை, ஆளில்லை என்ற பதிலால் அந்தக் கடமை நீங்காது. அதனாலேயே அப்பகுதியின் வாசகங்கள் பல நேரங்களில் வழுக்கலாக எழுதப்படுகின்றன என்பது என் கருத்து.

‘தேவைக்கேற்பப் பேச்சுச் சிகிச்சையாளரின் ஆலோசனை பெறும் வாய்ப்பு வழங்கப்படும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை முறை, எவ்வளவு நேரம், யார், தனியாகவா குழுவாகவா என்ற எதையும் அது சொல்லவில்லை. ஒரு வருடத்தில் ஒரு தொலைபேசி உரையாடல் நடந்தாலும் வாக்கியம் நிறைவேறியதாகிவிடும். அதையே ‘தகுதி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளர் பாடசாலைத் தவணைக் காலத்தில் வாரம் ஒரு முறை 45 நிமிடம் தனியாகச் சிகிச்சை வழங்குவார், அன்றாடப் பயிற்சியை, அவரிடம் பயிற்சி பெற்ற உதவியாளர் நாளுக்கு 20 நிமிடம் செய்வார்’ என்று எழுதினால், ஒரு வாரம் தவறினாலும் கேட்க இடமுண்டு. வரைவு கிடைத்ததிலிருந்து கருத்துச் சொல்லப் பெற்றோருக்குக் குறைந்தது 15 நாட்கள் தரப்பட வேண்டும். கவுன்சில் அலுவலருடன் சந்திப்பும் கேட்கலாம். அந்த நாட்களில் நிபுணர்களின் அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து, பி பகுதியில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பகுதியில் நேரான ஏற்பாடு இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். கல்வியையோ பயிற்சியையோ தரும் சிகிச்சை எஃப் பகுதியில்தான் வர வேண்டும். சுகாதார ஏற்பாடுகளுக்கான ஜி பகுதிக்கு அதை நகர்த்தினால் கவுன்சிலின் மீதுள்ள பிடி தளர்ந்துவிடும்.

விசேட பாடசாலைக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர் சிலர், அங்கே எல்லாம் இருக்கிறதே, பிறகு எதற்கு இந்த மணிக்கணக்கு என்று நினைக்கிறார்கள். பாடசாலைக்கு வரும் சிகிச்சையாளர் வேலையை விட்டுப் போனால் அந்த இடம் ஒரு வருடம்கூட நிரம்பாமல் கிடக்கலாம். எஃப் பகுதியில் தெளிவாக எழுதியிருந்தால், வேறு ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டியது கவுன்சிலின் தலைவலி.

பாடசாலையைக் குறிப்பிடுதல்

வரைவுக்குப் பதில் எழுதும்போதே விரும்பும் பாடசாலையின் பெயரைச் சொல்ல வேண்டும். அரசுப் பாடசாலை, அகாடமி, இலாப நோக்கற்ற விசேட பாடசாலை, அரசின் பிரத்தியேகப் பட்டியலில் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பாடசாலை ஆகிய எதையும் கேட்கலாம். பிள்ளையின் வயதுக்கோ ஆற்றலுக்கோ தேவைக்கோ அது பொருந்தாது, அங்கே சேர்ப்பது மற்றப் பிள்ளைகளின் கல்விக்கு இடையூறாகும், அல்லது வளங்களின் திறமையான பயன்பாட்டுக்கு முரணாகும் என்ற காரணங்களில் ஒன்றைக் கவுன்சில் காட்டினாலன்றி அதையே ஐ பகுதியில் எழுத வேண்டும். இடம் நிரம்பிவிட்டது என்று பாடசாலை பதில் எழுதியது மட்டும் மறுப்புக்குப் போதாது; இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் இருப்பவர்களின் கல்வி எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும். பெயர் எழுதப்பட்டுவிட்டால் அப்பாடசாலை பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும். சாதாரண பாடசாலைதான் வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், அந்த விருப்பத்துக்குச் சட்டம் இன்னும் கூடுதலான பலம் கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மதிப்பீடு மறுப்பு, திட்டம் மறுப்பு, திட்டத்தின் பி, எஃப், ஐ பகுதிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் எதிராக விசேட கல்வித் தேவைகளுக்கான தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது சமரசச் சான்றிதழின் திகதியிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கெடு. மேன்முறையீட்டுக்கு முன் பெற வேண்டிய இந்தச் சான்றிதழுக்காகச் சமரச ஆலோசகருடன் பேச வேண்டுமே தவிர, கவுன்சிலுடனான சமரசப் பேச்சில் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயமில்லை. ஐ பகுதி பற்றி மட்டும் வழக்கென்றால் சான்றிதழே வேண்டாம். கட்டணம் கிடையாது, சட்டத்தரணி அவசியமில்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்று படிவத்தில் குறிப்பிட்டால் தீர்ப்பாயமே ஒழுங்கு செய்யும். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் ‘சென்டியாஸ்’ என்ற இலவச ஆலோசனைச் சேவை உண்டு. ‘இப்சியா’ என்ற தொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் மாதிரிக் கடிதங்கள் கிடைக்கின்றன.

பாடசாலை கிடைத்த பின்

கட்டாயக் கல்வி வயதில், விசேட தேவை அல்லது நடமாட்டச் சிரமம் காரணமாகப் பாடசாலைக்கு நடந்து செல்ல முடியாது என்று கருதப்படும் பிள்ளைக்கு, தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இலவசப் போக்குவரத்து உண்டு. இதைத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஐ பகுதியில் இரண்டு பாடசாலைகளை எழுதி, தூரத்திலுள்ளதைப் பெற்றோர் விரும்பினால் போக்குவரத்து அவர்கள் பொறுப்பு என்று கவுன்சில் நிபந்தனை வைக்கக்கூடும். அவ்வரியைக் கவனிக்காமல் சம்மதித்துவிட்டு, பின்னர் தினமும் இரு வேளை கார் ஓட்டும் குடும்பங்கள் இருக்கின்றன.

திட்டம் 12 மாதங்களுக்கு ஒரு முறையாவது மீளாய்வு செய்யப்பட வேண்டும். கூட்டம் நடந்து நான்கு வாரங்களுக்குள் கவுன்சில் தன் முடிவை அறிவிக்க வேண்டும். அந்த முடிவுக்கும் மேன்முறையீடு உண்டு. ஆரம்பப் பாடசாலையிலிருந்து இடைநிலைக்குப் போகும் பிள்ளையின் திருத்திய திட்டம் அவ்வாண்டு பெப்ரவரி 15க்குள் முடிய வேண்டும் என்பதால், ஐந்தாம் ஆண்டிலேயே பாடசாலைகளைப் பார்க்கத் தொடங்குவது நல்லது. வீடு மாறி வேறு கவுன்சிலுக்குப் போனால் திட்டமும் அங்கே மாற்றப்படும். புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு மீளாய்விலும் வளர்ந்தோர் வாழ்வுக்கான ஆயத்தம் பேசப்பட வேண்டும். விசேட பாடசாலைகள் பல 19 வயதோடு முடிந்துவிடுவதால், திட்டம் 25 வரை நீளலாம் என்றாலும் அடுத்து எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு அப்போதே விடை தேட வேண்டும். 16 வயதில் டி.எல்.ஏ.யின் இடத்தில் ‘பிப்’ எனப்படும் கொடுப்பனவு வருகிறது. பிள்ளை தானாகப் பணத்தைக் கையாள முடியாதெனில், பெற்றோர் ஒருவர் இக்கொடுப்பனவை வழங்கும் தொழில் மற்றும் ஓய்வூதிய அமைச்சிடம் தம்மைப் பொறுப்பாளராகப் பதிவு செய்ய வேண்டும். 18க்குப் பின், பிள்ளையின் பெயரில் சேமிப்போ சொத்தோ இருந்தால் அந்தப் பதிவு போதாது; அதற்குப் பாதுகாப்பு நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும், அது கிடைக்கப் பல மாதங்கள் ஆகும்.