பெயிண்ட் வாங்குவதற்கு முன் சுவரைக் கொஞ்சம் பாருங்கள்

பழைய வீடுகளைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்வதுதான் என் வேலை. கூப்பிடுகிறவர்களில் பலர் முதலில் சொல்வது ஒரே வரி: "சார், நாலு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு, திரும்பத் திரும்ப உரியுது." எந்த பெயிண்ட் நல்லது என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நானோ தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே கேட்டுக்கொண்டிருப்பேன், அவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

தண்ணீர் வர மூன்று வழி உண்டு. தரையிலிருந்து ஏறும், வெளியிலிருந்து கசியும், இல்லையென்றால் அறைக்காற்றில் இருக்கும் ஆவியே சுவர்மேல் நீராகப் படியும்.

தரையிலிருந்து ஏறுகிற ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். அந்த உயரத்தில் அலை அலையாக ஒரு கோடு, அதையொட்டி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், சுரண்டினால் காரை மாவாக உதிரும். இதைப் பார்த்ததுமே சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். வருடக்கணக்கில் மண் கொட்டி, நடைபாதை போட்டு, வெளித்தரை உள்தரை மட்டத்துக்கே உயர்ந்திருக்கும். சுவரின் அடியில் ஓதத் தடுப்பு வரிசை (தரையின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு) இருந்தால், வெளித்தரை அதற்கு 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும், பல வீடுகளில் அந்த வரிசையே மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. மண்ணை வெட்டி எடுத்து, உடைந்த மழைநீர்க் குழாயை மாற்றியதோடு பிரச்சினை முடிந்த வீடுகளும் உண்டு. அப்புறம், ஊசி வைத்த மீட்டரைச் சுவரில் குத்தி "பாருங்க, சிவப்பு காட்டுது" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அந்த மீட்டர்கள் பெரும்பாலும் மரத்துக்காக அளவு குறித்தவை, அவை பார்ப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. சுவரில் உப்பு இருந்தால் லேசான ஈரத்தைக்கூடப் பெரிதாகக் காட்டிவிடும்.

மூன்றாவது வழியில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு வீட்டில் படுக்கையறை மூலையில், பீரோவுக்குப் பின்னால், கறுப்பாகப் பூஞ்சை. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே இரண்டு முறை நீர்க்காப்புப் பூச்சு போட்டுவிட்டார்கள். நான் போனபோது ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்திருந்தது, உள்ளேயே துணி காய்ந்துகொண்டிருந்தது, புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் வேறு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது என்று சொன்னேன், வீட்டுக்காரர் நம்பவே இல்லை. (அடைத்த அறையில் அதை எரிப்பது உயிருக்கே ஆபத்து, அது தனிக் கதை.)

20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே சில்லிட்ட சுவர் வியர்த்துவிடும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டாம், சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே போதும். வெளிச்சுவர் மூலை, பீரோ முதுகு, ஜன்னல் ஓரம் இங்கெல்லாம் முதலில் வருவது அதனால்தான்.

சந்தேகமாக இருந்தால் அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் ஈரம் என்றால் காற்றிலிருந்து வருகிறது, சுவர்ப்பக்கம் என்றால் பெரும்பாலும் சுவருக்குள்ளேயே ஈரம். நூற்றுக்கு நூறு சரியான சோதனை இல்லை, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பெயிண்ட் வாங்குவதைவிட மேல்.

அந்த வீட்டில் பீரோவைச் சுவரிலிருந்து 10 செ.மீ. நகர்த்தி, துணியை வெளியேற்றி, டேப்பைப் பிரித்து, ஹீட்டரை மாற்றியதும் பூஞ்சை திரும்பவில்லை. இருந்ததை ஈரத்துணியால் துடைத்தார்கள், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும்.

அதே வீட்டின் கூடத்தில் வேறு கதை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் நீர்புகாப் பெயிண்ட். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசச் சொன்னேன், ஆனால் உடனே அல்ல. முதலில் சுவர் காய வேண்டும், அதன் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தோராயக் கணக்கு. "அதுவரை கூடம் இப்படியே இருக்குமா சார்?" என்றார். இருக்கும் என்றேன்.