நத்தோ: புளித்த சோயா அல்ல, நொதித்த சோயா

சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் ஜப்பானிய உணவின் பெயரை, ஆங்கில எழுத்தைப் பார்த்து 'நாட்டோ' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஜப்பானியர் வாயில் அது டகரம் அல்ல, பல்லில் படும் தகரம். 'நத்தோ' என்பதே ஒலிக்கு நெருக்கம். 'நேட்டோ' கூட்டணியோடு குழம்பவும் செய்யாது.

பௌத்த மடங்களில் தானியமும் காணிக்கையும் வாங்கி வைக்கும் இடத்துக்கு 'நஸ்ஷோ' என்று பெயர். அங்கே செய்த பயறு (தோ) என்பதால் நத்தோ ஆயிற்று என்பது பரவலான விளக்கம். இழை இழுக்கும் வகையை 'இதொஹிகி நத்தோ' என்பர். 'இதோ' என்றால் நூல். குச்சியால் கிளறித் தூக்கினால், அரிந்த வெண்டைக்காய் போல வழுவழுவென நூல் நீளும்.

தமிழில் 'புளித்த சோயா' என்பது பிழை. இட்லி மாவில் லாக்டிக் அமிலம் ஊறுவதால் புளிப்பு. இங்கே சோயாவை 12 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து, விரலில் நசுங்கும்வரை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் கலந்து, சுமார் 40 டிகிரியில் ஒரு நாள் வைக்கிறார்கள். அந்த பாக்டீரியா புரதத்தை உடைக்கிறது. புளிப்பு வராது, நேரம் கூடினால் அமோனியா நெடிதான் ஏறும். அந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும்: தடிமனாகக் கொட்டி இறுக மூடினால் இழை சரியாகப் பிடிக்காது. ஆகவே 'நொதித்த சோயா' என்பதே பொருத்தம்.

இதயத்தோடு இதைச் சேர்த்துப் பேச வைத்தது நத்தோகினேஸ். இரத்தக் கட்டியிலுள்ள ஃபைப்ரின் என்ற புரதத்தைக் கரைக்கும் இந்த நொதியைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயுகி சுமி 1987இல் எழுதினார். 'கினேஸ்' என்ற பெயர் இருந்தாலும் இது புரதம் வெட்டும் நொதியே. 'நத்தோ நொதி' என்றால் போதும். கொதிக்க வைத்தால் செயலிழக்கும், அதனால் அடுப்பில் வைக்காமல் சோற்றில் போட்டுக் கலப்பதே நல்லது. ஜப்பானின் தகாயாமா நகரில் சுமார் 29,000 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், நத்தோ அதிகம் உண்டவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய் மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. 265 பேருக்கு 3 ஆண்டுகள் நத்தோகினேஸ் மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனையில், கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது குறையவில்லை. உணவும் மாத்திரையும் ஒன்றல்ல.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் நத்தோவைத் தொடவே கூடாது. அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் வைட்டமின் கே2 இதில் மிக அதிகம். பாக்டீரியா குடலிலும் அதை உண்டாக்கும். ஒரு சிறு பொட்டலம் (40–50 கிராம்) உண்டாலே மருந்தின் வேலை சில நாள் கெடும்.